ஷீட் பைல் சுவர் சாய்ந்தால், சிக்கினால், பிதுங்கினால்: ரங்கூன் ஆற்றுச் சேற்றில் அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ரங்கூனைச் சுற்றி டல்லா, சிரியம், லைங் ஆற்றங்கரை, துவாண்டே கால்வாய் என்று ஷீட் பைல் (ஒன்றோடொன்று கோத்து மண்ணுக்குள் இறக்கும் நீள இரும்புத் தகடு) கரைச் சுவர் வேலைகளில் நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கிரேன் ஓட்டுபவர், வெல்டர், லெவல் பார்ப்பவர், மேஸ்திரி என்று எல்லா இடத்திலும் தமிழ் கேட்கும். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். டிசைன் கணக்குப் போடுபவருக்கான பாடம் அல்ல. சைட்டில் ஒரு அறிகுறி தெரிந்தவுடன் என்ன பார்ப்பது, எதை உடனே நிறுத்துவது, எதைச் செய்யவே கூடாது என்பதுதான் இதில் இருக்கிறது.

முதலில் மண்ணைப் பற்றி. இது டெல்டா சேறு. சாம்பல் நிறக் களி, நடுநடுவே மெல்லிய மணல் படலங்கள். கையில் ஒரு பிடி எடுத்து அழுத்துங்கள். விரல் இடுக்கு வழியாகப் பிதுங்கி வந்தால் அதன் வலு 12 கிலோபாஸ்கலுக்கும் கீழே. லேசாக அழுத்தினாலே விரல் பதிந்து உருமாறினால் 12 முதல் 25 வரை. பெருவிரலால் நன்றாக அமுக்கினால்தான் பதிகிறது என்றால் 25க்கு மேல். களியின் வலுவைக் கருவியால் அளக்கும் வேன் ஷியர் சோதனைக்கு இது மாற்று ஆகாது. ஆனாலும் ரிப்போர்ட்டில் ஒன்று எழுதியிருக்க, கையில் வேறொன்று வந்தால், வேலையைத் தொடங்கும் முன்னே கேள்வி கேட்க இது போதும்.

இரண்டாவது, தண்ணீர். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ரங்கூன் ஆறு 5 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். அதனால் எந்த அறிகுறியைக் குறித்தாலும் பக்கத்திலேயே மணியையும், அப்போது நீர் ஏற்றமா வற்றமா என்பதையும் எழுதி வையுங்கள். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை அந்தக் குறிப்பில்தான் கிடைக்கும்.

ஷீட்டின் தலை, அடித்துப் போகும் திசையில் முன்னால் சாய்கிறது

இதுதான் அடிக்கடி வரும் தொல்லை. காரணம் எளிது. புது ஷீட்டின் ஒரு பக்க லாக் (அடுத்த ஷீட்டோடு கோக்கும் ஓர வளைவு), முன்பே இறங்கிய ஷீட்டோடு உரசிக்கொண்டு இறங்குகிறது. மறுபக்க லாக் சும்மா இருக்கிறது. உரசல் உள்ள பக்கம் தயங்க, சும்மா இருக்கும் பக்கம் முந்திக்கொள்ள, தலை முன்னால் சரிகிறது. ஒரு ஷீட்டில் அரை விரல் அளவுதான் இருக்கும். அடுத்தது அதைக் கொஞ்சம் கூட்டும். இருபது ஷீட் போனபின் கண்ணுக்கே தெரியும், அப்போது திருத்துவது கடினம்.

ஐரோப்பியத் தரம் ஈஎன் 12063, செங்குத்து விலகலைத் தரையில் 1 சதவீதமும் தண்ணீர்மேல் 1.5 சதவீதமும் வரை ஏற்கிறது. 12 மீட்டர் ஷீட்டுக்குத் தரையில் 12 சென்டிமீட்டர். அந்த எல்லை வரைக்கும் காத்திருக்காதீர்கள். பாதி தூரம் வந்ததுமே கை வையுங்கள்.

சரிசெய்ய முதல் வழி, ஹேமரின் மையத்தை ஏற்கனவே இறங்கிய ஷீட்டின் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்துவது. உரசல் எங்கே இருக்கிறதோ அங்கேதான் அடியும் விழவேண்டும். அதோடு தலையில் கம்பிக் கயிறு கட்டிப் பின்னோக்கி இழுத்துப் பிடித்தபடி அடிக்கலாம். சேற்றில் கயிறு இழுத்தால் கேட்கும். ஆனால் அடிமுனை கெட்டி மண்ணுக்குள் போய்விட்டால் தலையை மட்டும் வளைத்துவிடுவீர்கள், முனை அங்கேயே நிற்கும். சாய்வு தங்கிவிட்டால் கடைசி வழி, மேலே ஒரு அகலமும் கீழே ஒரு அகலமுமாக வெட்டி ஒட்டிய ஆப்பு ஷீட். அது ஒன்றுக்கு மேல் அடுத்தடுத்துத் தேவைப்பட்டால், அடிக்கும் முறையே தவறு என்று அர்த்தம்.

சரியான முறை பேனல் அடிப்பு. ஒவ்வொரு ஷீட்டையும் நட்டவுடன் முழுதாக இறக்கிவிடாமல், ஆறேழு ஜோடியைக் கைடு ஃபிரேமுக்குள் (ஷீட்டை நேராகப் பிடிக்கும் சட்டம்) வரிசையாக நிறுத்துங்கள். முதலில் இரு ஓரங்களையும் பகுதி இறக்கி, பிறகு நடுவிலுள்ளவற்றைப் படிப்படியாக இறக்குங்கள். கைடு ஃபிரேம் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு மட்டத்தில் இருக்கவேண்டும். ஒரே ஒரு பீமைத் தரையில் போட்டுவிட்டு அதையே கைடு என்பவர்கள் உண்டு. சேற்றில் அந்தப் பீமும் ஷீட்டோடு சேர்ந்து நகரும்.

தலை ஆற்றுப் பக்கமாகச் சாய்ந்தால் கதை வேறு. கரைச் சரிவில் ஆற்றுப் பக்கச் சேறு இளகியது, கரைப் பக்கம் அதைவிடக் கெட்டி. ஷீட் இளகிய பக்கம் தேடிப் போகும். இதற்கு ஹேமரை நகர்த்திப் பயனில்லை. கைடு பைலை ஆழமாக இறக்கி ஃபிரேமைக் கெட்டிப்படுத்துங்கள். தூக்குக்குண்டை இரண்டு திசையிலும் பாருங்கள், முதல் 3 மீட்டர் இறங்கும்போதே பாருங்கள். அப்போது சாய்ந்திருந்தால் உருவி மறுபடி நடுவதுதான் மலிவு.

பக்கத்து ஷீட்டும் சேர்ந்து கீழே போகிறது

இளகிய களியில் பிடிமானம் குறைவு. லாக்குக்குள் மணலோ துருவோ இறுகினால், புது ஷீட் இறங்கும்போது பழையதையும் இழுத்துக்கொண்டு போகும். இப்படி இழுபட்ட ஷீட்டின் தலை மட்டம் தாழும், அடிமுனை எங்கே இருக்கிறது என்ற கணக்கும் தப்பிப் போகும்.

உடனடி வைத்தியம், ஏற்கனவே இறங்கிய மூன்று நான்கு ஷீட்டுகளின் தலையை ஒரு பீமோடு சேர்த்து வெல்டு வைப்பது. தனியாக ஒன்று கீழே போகமுடியாது. நிரந்தர வைத்தியம் லாக்கைச் சுத்தம் செய்வது. இங்கே வரும் ஷீட்டுகளில் பல முன்பே ஓரிடத்தில் அடித்து உருவியவை. 400 மில்லிமீட்டர் அகல மூன்றாம் வகை என்றால் மீட்டருக்கு 60 கிலோ, நான்காம் வகை 76 கிலோ என்று எடையைப் பார்த்து வாங்குகிறோம், லாக் வளைந்திருக்கிறதா என்று பார்ப்பதில்லை. அரை மீட்டர் நீளத் துண்டு ஷீட் ஒன்றை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஷீட்டின் லாக்கிலும் அதை நுழைத்துத் தலை முதல் கால் வரை ஓட்டிப் பாருங்கள். சிக்கும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, நிமிர்த்தி, அப்புறம் மேலே தூக்குங்கள். முன்னால் போகும் சும்மா லாக்கின் அடிவாயில் ஒரு போல்ட்டை வைத்து லேசாக வெல்டு அடித்தால், இறங்கும்போது மணல் உள்ளே ஏறாது. அடுத்த ஷீட் வரும்போது அந்தப் போல்ட்டைத் தள்ளிவிட்டு இறங்கும்.

ஷீட் திடீரென்று நின்றுவிட்டது, அல்லது மெல்ல மெல்ல நிற்கிறது

திடீரென நிற்பதும் மெல்ல நிற்பதும் இரண்டு வேறு நோய்.

திடீரென்று நின்றால் கீழே பொருள் இருக்கிறது. ரங்கூன் துறைமுகக் கரை, பசுந்தாங் கால்வாய் ஓரமெல்லாம் காலங்காலமாக ஜெட்டியும் அரிசி ஆலையும் மரக் கிடங்கும் இருந்த இடம். பழைய ஜெட்டிக் கால், புதைந்த தேக்குக் கட்டை, கொட்டிய கருங்கல், எது வேண்டுமானாலும் இருக்கலாம். சத்தத்தைக் கேட்டாலே பாதி புரிந்துவிடும். கல் என்றால் உலோகச் சத்தம் கூர்மையாக வரும், ஷீட் துள்ளும். மரம் என்றால் மந்தமான அடி, வைப்ரோ (அதிர்த்து இறக்கும் ஹேமர்) பந்தைத் தட்டுவதுபோல் மேலும் கீழும் ஆடும். ஷீட்டை உருவினால் முனையில் நார் ஒட்டியிருக்கும். அனுபவமுள்ள கிரேன்காரர் நாம் பார்ப்பதற்கு முன்பே, “அண்ணே, சத்தம் மாறுது, நிறுத்துங்க” என்பார். அவர் சொன்னால் நிறுத்துங்கள். அந்த நேரத்தில் இன்னும் ஒரு நிமிடம் அடித்துப் பார்ப்போம் என்பவர் ஷீட்டின் முனையைச் சுருட்டிவிடுவார். முனை சுருண்டால் லாக் கழலும், அந்த ஓட்டை படுகைக்குக் கீழே இருக்கும், மேலே இருந்து யாருக்கும் தெரியாது.

செய்யவேண்டியது இது. அந்த ஷீட்டை அங்கேயே விட்டு மற்றவற்றை இறக்குங்கள். சில நேரம் பக்கத்துச் ஷீட்டுகள் இறங்கியதும் தடை விலகிக் கொடுக்கும். இல்லையென்றால் உருவி, நீர் வற்றிய நேரத்தில் எக்ஸ்கவேட்டரால் தோண்டியோ, ஆகரால் (திருகு போன்ற மண்துளைக் கருவி) துளை போட்டோ தடையை எடுங்கள்.

மெல்ல நின்றால் மண்தான் காரணம். மணல் படலம் வந்திருக்கும், அல்லது லாக் உரசல் ஏறியிருக்கும். வைப்ரோவில் நிமிடத்துக்கு 50 சென்டிமீட்டருக்குக் கீழே வேகம் குறைந்தால் வைப்ரோவின் வேலை முடிந்தது, அடி ஹேமருக்கு மாறவேண்டும். அடி ஹேமரில் 10 அடிக்கு 25 மில்லிமீட்டர்கூட இறங்கவில்லை என்றால் அதையும் நிறுத்துங்கள். லாக்கிலிருந்து புகை வந்தால், பெயிண்ட் கருகினால், ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாது. அந்தச் சூட்டில் இரண்டு லாக்கும் ஒன்றாக உருகி ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்று. மாலையில் பாதியில் நிறுத்திய ஷீட் காலையில் அசைய மறுக்கும். கலங்கிய களி ராத்திரி முழுக்க அமைதியாக இருந்து மறுபடி வலுப் பெறுகிறது. இது கோளாறு அல்ல, களியின் குணம். டீசல் தீரும், கரண்டு போகும் என்று தெரிந்தால் பாதியில் நிற்கும்படி புதுச் ஷீட்டைத் தொடங்காதீர்கள்.

இறங்கிக்கொண்டிருந்த ஷீட் சட்டென்று சுலபமாகப் போகிறது

எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். நான் இங்கே பயப்படுவேன். ஷீட் தன் எடையிலேயே இறங்கும் அளவுக்குச் சேறு இளகியதாக இருந்தால் ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் இருக்கும். அப்போது கிரேன் கொக்கியில் பிடித்துக்கொண்டே விடவேண்டும், வைப்ரோவைப் போடவே கூடாது. நடுவில் திடீரென இலகுவானால், அதோடு தலை கொஞ்சம் திரும்பினால், லாக் கழன்றுவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். உருவி மறுபடி நடுங்கள். உருவமுடியாத நிலை என்றால் அந்த இடத்தைக் குறித்து, சுவருக்குப் பின்னால் கூடுதல் ஷீட் அடித்து இடைவெளியைச் சிமென்ட் பாலால் அடையுங்கள். தோண்டும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், தோண்டும் நாளில் சேறு அந்த வாயால் கொட்டும்.

நீர் வற்றும்போது சுவர் ஆற்றுப் பக்கம் பிதுங்குகிறது, ஏறும்போது கொஞ்சம் திரும்புகிறது

இந்த அறிகுறியை நீளமாக எழுதக் காரணம், இதைப் பார்த்தவுடன் எல்லோரும் சொல்வது “ஷீட் பலம் போதாது, பெரிய சைஸ் போட்டிருக்கணும்” என்பது. பெரும்பாலும் அது உண்மை இல்லை. பின்னால் மாட்டிக்கொண்ட தண்ணீர்தான் தள்ளுகிறது.

கணக்கைப் பாருங்கள். நீர் ஏறும்போது சுவரின் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மட்டம். வற்றும்போது ஆறு மளமளவென்று இறங்கிவிடும், பின்னால் நிரப்பிய மண்ணிலிருந்து தண்ணீர் அவ்வளவு வேகமாக வெளியே வராது. பின்னால் 2 மீட்டர் உயர்ந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெளி நீர்மட்டத்தில் சதுர மீட்டருக்கு 2 டன் கூடுதல் அழுத்தம், அது படுகை வரை அப்படியே தொடரும். வெளி நீர்மட்டத்திலிருந்து படுகை 4 மீட்டர் கீழே என்றால், 10 மீட்டர் நீளச் சுவரில் தண்ணீர் மட்டும் 100 டன் தள்ளுகிறது. மண்ணின் தள்ளல் இதற்கு மேல் தனி. மழைக்காலத்தில் பின்னால் மட்டம் இன்னும் ஏறும். ரங்கூனில் ஆண்டு மழை சுமார் 2,700 மில்லிமீட்டர், அதில் பெரும்பகுதி மே நடுவிலிருந்து அக்டோபருக்குள் கொட்டிவிடுகிறது.

கண்டுபிடிப்பது எளிது. சுவருக்கு ஒரு மீட்டர் பின்னால் துளையிட்ட பிவிசி குழாய் ஒன்றை, துணி சுற்றி, செங்குத்தாகப் புதையுங்கள். வற்றம் முழுக்க அரை மணிக்கு ஒருமுறை குழாய்க்குள்ளும் ஆற்றிலும் மட்டத்தை அளந்து, கூடவே சுவரின் தலை நகர்வையும் எழுதுங்கள். மட்ட வித்தியாசம் கூடும்போதெல்லாம் சுவர் நகர்கிறது என்றால் விடை கிடைத்துவிட்டது.

வைத்தியம், வடிதுளை. சாதாரண வற்ற மட்டத்துக்குச் சற்று மேலே வரிசையாகத் துளை போட்டு, ஒவ்வொன்றுக்கும் பின்னால் சல்லியும் ஜியோடெக்ஸ்டைல் துணியும் வையுங்கள். ஆற்று நீர் உள்ளே வராமல் இருக்க ஃபிளாப் வால்வு. துணி இல்லாமல் துளை மட்டும் போட்டால் தண்ணீரோடு மண்ணும் போய்விடும், அடுத்த மாதம் பின்னால் தரை குழிந்திருக்கும். வால்வைக் குப்பையும் நீர்ப்பாசியும் அடைக்கும். அதனால் மழைக்கு முன் ஒருமுறை, மழை முடிந்து தடிங்யூட் விளக்குத் திருவிழா நேரத்தில் ஒருமுறை கையால் திறந்து பாருங்கள்.

தோண்டும்போது முன்னால் படுகை எழும்புகிறது, பின்னால் தரையில் நீள விரிசல்

இங்கே மட்டும் வேலையை அந்த நிமிடமே நிறுத்துங்கள். இது சுவரின் பிரச்சினை இல்லை, சுவருக்கு அடியில் களியே ஓடுகிறது.

அளவுகோல் ஒன்று உண்டு. பின்னால் உள்ள மண்ணின் எடையையும் மேலே ஏற்றிய பாரத்தையும் கூட்டி, களியின் வலுவால் வகுக்கவேண்டும். விடை 4ஐ நெருங்கினால் நகர்வு தொடங்கும், 6ஐ நெருங்கினால் அடி பெயரும். நம் சேறு 15 கிலோபாஸ்கல், எடை கன மீட்டருக்கு 16 கிலோநியூட்டன், கரையில் கிரேனும் மணல் குவியலுமாக 20 கிலோபாஸ்கல் பாரம் என்று வைத்தால், வெறும் 2.5 மீட்டர் தோண்டியதுமே 4 வந்துவிடும். பாரத்தை எடுத்துவிட்டால் 3.75 மீட்டர் வரை போகலாம். ஒரு மீட்டர் உயரம் மணல் குவித்தாலே சதுர மீட்டருக்குச் சுமார் 1.8 டன். ஆகவே மணல் லாரியை எங்கே கொட்டச் சொல்கிறீர்கள் என்பது ஷீட்டின் நீளத்தைவிடப் பெரிய முடிவு.

இந்த 4 என்ற எண்ணுக்கு இன்னொரு பொருளும் இருக்கிறது. அதைத் தாண்டிவிட்டால், அதே இளகிய களிக்குள் ஷீட்டை எவ்வளவு நீளமாக இறக்கினாலும் முன்பக்கம் தாங்கும் பலம் கிடைக்காது. 12 மீட்டர் போதவில்லை என்று 15 போடுவதால் மட்டும் ஒன்றும் மாறாது. முனை கீழே உள்ள கெட்டி மண்ணை எட்டவேண்டும், அல்லது களியைச் சிமென்ட் கலந்து கெட்டிப்படுத்தவேண்டும், அல்லது தோண்டும் ஆழத்தைக் குறைக்கவேண்டும்.

அவசரத்தில் செய்யும் வரிசை முக்கியம். முதலில் ஆட்களை வெளியேற்றுங்கள். அடுத்து, முன்னால் கருங்கல்லோ மணல் மூட்டையோ கொட்டிப் படுகையை அமுக்குங்கள், தோண்டிய மண்ணையே திருப்பிப் போட்டாலும் சரி. இதற்கு எக்ஸ்கவேட்டரைச் சுவரின் விளிம்புக்குக் கொண்டுவராமல், தள்ளி நின்று எட்டும் தூரத்திலிருந்து போடுங்கள், அல்லது பார்ஜிலிருந்து போடுங்கள். பிறகு பின்னால் உள்ள பாரத்தை அகற்றுங்கள். டை ராடை (சுவரின் தலையைப் பின்னால் உள்ள ஆங்கரோடு கட்டும் இரும்புக் கம்பி) முறுக்கி இழுத்து நிமிர்த்தப் பார்ப்பது கடைசி இடத்தில்கூட வராது. அடி பெயரும்போது தலையை இழுத்தால் ராடு அறும். விரிசலில் மழைநீர் இறங்காமல் பிளாஸ்டிக் விரித்து மூடுங்கள்.

டை ராடு போட்டும் சுவர் நகர்கிறது

ஆங்கர் (ராடின் மறுமுனையைப் பிடிக்க மண்ணில் புதைத்த பிடி) நகர்கிறதா, ராடு தொங்குகிறதா என்று பிரித்துப் பாருங்கள். ஆங்கர் சுவருக்கு மிக அருகில் இருந்தால், சுவரைத் தள்ளும் அதே மண்ணில்தான் அதுவும் உட்கார்ந்திருக்கும், இரண்டும் சேர்ந்து போகும். இளகிய மண்ணில் அதைத் தள்ளிக் கொண்டுபோய், முடிந்தால் பைல் மேல் நிறுத்தவேண்டும். ராடு தொங்குவது வேறு. நிரப்பிய மண்ணின் எடையால் கீழே சேறு அமுங்க, ராடும் கூடவே வளைந்து இழுவிசை ஏறுகிறது. பெரிய குழாய்க்குள் ராடை விட்டு, இரு முனையிலும் கீல் போன்ற இணைப்பு வைத்தால் இந்தத் தொல்லை வராது.

நிரப்பும் வரிசையும் முக்கியம். கரையிலிருந்து புல்டோசரால் ஆற்றை நோக்கி மண் தள்ளினால், சேறு அலைபோல் உருண்டு வந்து சுவருக்கும் புது மண்ணுக்கும் நடுவே சிறைப்படும். சுவரின் முதுகிலே தொடங்கி, கரை நோக்கி நிரப்பிக்கொண்டு போங்கள். ஆங்கருக்கு முன்னால் உள்ள மண்ணை அதற்கு முன்பே போட்டு இடித்து முடித்திருக்கவேண்டும்.

வற்ற மட்டத்தை ஒட்டி ஆரஞ்சு நிறத் திட்டு

சுரண்டினால் அடியில் கருப்பாகப் பசை, அதற்கும் அடியில் பளபளவென்று இரும்பு தெரிந்தால், பாக்டீரியா சேர்ந்து அரிக்கும் வேகமான துரு அது. சாதாரணத் துருவைவிடப் பல மடங்கு வேகம். அல்ட்ராசோனிக் கருவியால் தகட்டின் தடிமனை அளந்து, தேவையான இடத்தில் தகடு ஒட்டுங்கள்.

நிலநடுக்கத்துக்குப் பின்

2025 மார்ச் 28இல் 7.7 அளவில் அதிர்ந்த சகாயிங் பிளவுதான் பெகு பக்கமாகத் தெற்கே இறங்குகிறது. 1930 மே 5இல் பெகுவை இடித்துத் தள்ளிய நடுக்கமும் அதனுடையதே. சுவரின் பின்னால் நிரப்பியது நீரூறிய தளர்ந்த மணல் என்றால், அதிர்வில் அது குழம்பாகித் தள்ளும். அப்புறம் தலை நேராகவே தெரிந்தாலும், வேலரை (ஷீட்டுகளைக் குறுக்காகச் சேர்த்துப் பிடிக்கும் பீம்) ஒட்டிய ஒவ்வொரு நட்டையும் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். இறுக்கமானது கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது சொத்தென்று கேட்கும். பின்னால் தரையில் மணல் கொப்பளித்த சிறு மேடுகள் இருந்தால் படம் எடுத்து, வடிதுளைகளில் மணல் வந்திருக்கிறதா என்று அடுத்த வற்றத்திலேயே இறங்கிப் பாருங்கள்.